ஞாயிறு பிரசங்கம்

பியூலா எழுதிய கணினி ஸ்கிரிப்டுக்கு வேலை ஒன்றுதான். சொன்ன ஃபோல்டருக்குள் போய், அங்கிருக்கும் கோப்புகளையெல்லாம் அள்ளி, ஒரே பொதியாகக் கட்டி, மென்பொருள் வாங்கிய அலுவலகங்களுக்கு அனுப்பிவிடும். அன்று அவசரத்தில் ஃபோல்டரின் பெயரைக் கொடுக்க மறந்துவிட்டாள். எங்கே என்று சொல்லாமல் போ என்று மட்டும் சொன்னால் அது திருப்பிக் கேட்காது. ஸ்கிரிப்டை ஓட்டியவரின் சொந்த ஃபோல்டருக்குப் போய்விடும். அதற்கு ஹோம் என்று பெயர்.

“என்னக்கா, பேக்கேஜ் இந்தத் தடவ இவ்ளோ பெருசா இருக்கு? எல்லாருக்கும் போயிருச்சே,” என்றாள் பக்கத்து இருக்கை ரெஜினி.

பியூலா பொதியைத் திறந்தாள். நிரல்களுக்கு நடுவே, வக்கீலிடம் கொடுக்க அவள் ஒளித்துவைத்திருந்த ஒலிப்பதிவுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கதவைச் சாத்திவிட்டு அவள் கணவன் எட்வின் அடித்த அடிகள். தவறிக்கூட யாரும் திறந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் ‘ஞாயிறு பிரசங்கம்’ என்று பெயர் வைத்திருந்தாள். பொதி போன அலுவலகங்களில் ஒன்றில், அதைப் பிரித்து நிறுவுகிறவன் எட்வின்தான்.

போன் அடித்தது. எடுத்த எடுப்பிலேயே கத்துகிறவன், அன்று தணிந்த குரலில் அவள் பெயரைச் சொன்னான். அவனுக்குப் பின்னால், கணினியில், இன்னொரு எட்வின் கத்திக்கொண்டிருந்தான். அதற்கும் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“பிரசங்கம் கேட்டுட்டு இருக்கேன்,” என்றான். “வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துரு.”