கைன்சா டீச்சர் மரமேறிய செவ்வாய்க்கிழமை

பலாமரத்தின் இரண்டாவது கிளைவரை ஏறிய பிறகுதான், கீழே பார்த்திருக்கக் கூடாது என்று கைன்சா டீச்சருக்குத் தோன்றியது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கோமேசி உடையின் கூர்மையான தோள்மடிப்பு ஒன்று சுள்ளியில் மாட்டி, முயல் காது மாதிரி விடைத்துக்கொண்டு நின்றது.

அவருக்கும் மேலே, இலைகளுக்கு நடுவில், ஏழாம் வகுப்பு மசாபா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“வராதீங்க டீச்சர். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் நான் இறங்க மாட்டேன்.”

“எப்போ திறக்கும்னு அரசாங்கத்துக்கே தெரியலடா. அதுவரைக்கும் பலாச்சுளை தின்னுக்கிட்டு இங்கயே குடும்பம் நடத்தப் போறியா?”

“எல்லாமே வெறுத்துப்போச்சு டீச்சர்.”

கீழே அவன் அம்மா நம்போசோ முற்றத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பசிச்சா தானா இறங்கிருவான் டீச்சர். நீங்க விழுந்தா தூக்கத்தான் இந்தத் தெருவுல ஆளு இல்ல!”

டீச்சருக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை மனசொடிந்து மரத்தில் உட்கார்ந்திருக்கிறான், இவளுக்குக் கிண்டல். கொரோனாவுக்காக உகாண்டா முழுக்கப் பள்ளிகளைப் பூட்டி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இந்த இம்பாலே ஊரிலேயே எத்தனை பிள்ளைகள் படிப்பை மறந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிப் போய்விட்டார்கள்! தன் வகுப்பின் பத்தொன்பது பேரில் ஒருத்தரையும் அப்படி விடுவதில்லை என்று அவர் உறுதியெடுத்திருந்தார்.

எல்லாம் அவர் வகுப்பு வான்யென்சே அழுதுகொண்டு வந்த அன்று ஆரம்பித்தது. “டீச்சர், வீட்ல இருக்கவே பயமா இருக்கு” என்று அவள் அரைமணி நேரம் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மூன்று வாரமாகத் திறக்காத கதவைத் திறந்து, தலையை வாரி முடிந்துகொண்டு, சைக்கிளை எடுத்தார் டீச்சர். அதன்பிறகு ஓய்வே இல்லை.

ஒருத்திக்குப் பின்னக் கணக்கு மறந்துபோய்த் தேம்பல். ஒருத்தன் இனிமேல் கோழியோடு மட்டும்தான் பேசுவேன் என்றான். டீச்சர் கோழியிடம் நலம் விசாரித்து, கோழியின் சார்பில் பதிலும் கொக்கரித்து, அவனை வழிக்குக் கொண்டுவந்தார். நல்லவேளையாக, ஒரே நாளில் இரண்டு பேருக்கு மனசு உடைந்ததே இல்லை.

“சரி, நகரு” என்றார் இப்போது. “எனக்கும் வெறுத்துப்போச்சு. நானும் இங்கயே இருக்கேன்.”

மசாபா திகைத்தான். “கிளை தாங்காது டீச்சர்!”

“யாரைப் பார்த்துடா சொல்றே?” டீச்சர் இன்னொரு கிளைக்கு எக்கினார். மரம் ஒருமுறை முனகியது. மசாபா களுக்கென்று சிரித்துவிட்டான். பிறகு வாயைப் பொத்தினான். பொத்தியும் அடங்கவில்லை.

“சிரிச்சிட்டே! இறங்கு.”

அவன் அணில் மாதிரி சரசரவென்று இறங்கிவிட்டான். டீச்சரால்தான் இறங்க முடியவில்லை. எறும்புகள் வேறு முதுகில் ஊர்வலம் போயின.

“காலை இங்க வைங்க டீச்சர்.”

“இங்கயா?”

“அது என் தலை!”

“இப்போ?”

“அதுவும் என் தலைதான் டீச்சர்!”

கடைசி மூன்றடியை டீச்சர் இறங்கவில்லை, விழுந்தார். காப்பிக்கொட்டைக் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த தெரு நாய்கள் குரைக்கும் அளவுக்குச் சிரித்தார். நம்போசோ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கண் ஏன் கலங்கியிருந்தது என்று டீச்சருக்குப் புரியவில்லை. காப்பிக்கொட்டை வீணான வருத்தமாக இருக்கும்.

திரும்பும்போது, நேற்றைய மழையில் ஓடை பாதையை மூடியிருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு முட்டோனியின் வீட்டு வழியாக வந்தார் டீச்சர். அவளும் இவர் வகுப்புதான்.

முட்டோனி தன் ஐந்து வயதுத் தங்கை நபுலோவோடு கயிறு தாண்டிக் கொண்டிருந்தாள். சிரிப்பும் கூச்சலுமாக முற்றம் அதிர்ந்தது. மணிச்சத்தம் கேட்டுத் திரும்பியவள், டீச்சரைக் கண்டதும் கயிறு காலில் சுற்ற அப்படியே நின்றாள்.

“டீச்சர்... நீங்களா? இன்னைக்கா?”

“சும்மா இந்தப் பக்கமா வந்தேன்மா. நல்லா இருக்கியா?”

முட்டோனி விருட்டென்று வீட்டுக்குள் ஓடினாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தது, உதடு பிதுங்கியிருந்தது.

“என்னால முடியல டீச்சர். வாழ்க்கையே இருட்டா இருக்கு.”

டீச்சர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். “ஐயோ, என் தங்கமே! இப்போ சிரிச்சுக்கிட்டுதானே இருந்தே? என்ன ஆச்சு? டீச்சர்கிட்ட சொல்லு.”

நபுலோ முட்டோனியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, டீச்சரை வீட்டை விட்டு வெளிய வரவைக்கிறது இன்னைக்கு மசாபா அண்ணன் முறைதானே?”