நத்தை சாட்சி

“ஒரே ஒரு நத்தையை வச்சு உன் பட்டறையை மூட வைக்கிறேன் பாரு! ஈஜிபுரா சனமெல்லாம் உன் கழிவு போய் விழற ஏரி மீனைத்தான்டா திங்குது” என்றார் ஜெயவேலு, கோலார் தங்கவயல் சோதனைச்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஆனையவே கூட்டியா, பெருசு!” பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் குணசேகர் பெங்களூர் அடுகோடியே அதிரச் சிரித்தார். அதிகாரிகள் மூன்று முறை வந்து தண்ணீரைச் சோதித்தாயிற்று, சுத்தம்.

இரண்டு மாதம் கழித்து, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஹெலன் ஒரு காகிதத்தோடு வந்தார். கூடவே ஜெயவேலு.

“உங்க கழிவுக் குழாய்கிட்ட எடுத்த நத்தைங்க உடம்பெல்லாம் ஈயம், சார்.”

குணசேகருக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

“மேடம், நான் வந்தே ஒரு வருஷம்தான். இது முன்னாடி இருந்தவன் விட்ட ஈயம். தண்ணி ஓடிடும், நத்தை உடம்புல சேர்ந்தது போகுமா?”

“கரெக்டா சொன்ன, நைனா!” ஜெயவேலு துள்ளினார். “ஆனா அதுங்க ஏரி நத்தையே இல்ல. என் வீட்டு மீன்தொட்டில பொறந்ததுங்க. போன மாசம்தான் கூடைல போட்டு உன் குழாய் வாயில கட்டினேன். தொட்டில இருக்கிற கூடப்பொறந்ததுங்க எல்லாம் சுத்தம்!”

குணசேகர் ஹெலனைப் பார்த்துக் கைகூப்பினார்.

“நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் குழாயை அடைச்சிடுவேன், மேடம். மத்த நாளெல்லாம்... திறந்துதான் விட்டேன்.”