நாலாவது கோடு

பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை, கடிகாரம் பழுதுபார்க்கும் அக்காவின் மேசைமேல் நீட்டியிருக்கிறது. அந்த நிழலுக்குள் பழைய தகர ரோபோ மார்பு திறந்து மல்லாந்து கிடக்கிறது. உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஓர் இசைத்தட்டு, மேலே ஓர் ஊசி. பொத்தானை அமுக்கினால் ஊசி ஏதாவது ஒரு கோட்டில் விழும்; அந்தக் கோட்டிலிருப்பதைப் பொம்மை பேசும். "வணக்கம் நண்பா", "எனக்குப் பசிக்கிறது", "வா, நடக்கலாம்" என்று மூன்றே பேச்சு. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தம்பி மட்டும் சின்ன வயதில் இன்னொன்று கேட்டதாக அழுவான். பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பான். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"நாலு கோடு இருக்குடா," என்கிறாள், கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமல்.

மீசை நரைத்த தம்பி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "மூடிடுக்கா."

"ஒண்ணுல அழுக்கு அடைச்சிருக்கு. அதான் எங்க காதுல விழவே இல்ல."

"அக்கா, வேணாம். சொன்னா கேளு."

அவள் தூரிகையால் அழுக்கைத் தள்ளி, ஊசியை அதில் வைத்து, தட்டை விரல்நுனியால் சுற்றுகிறாள். கரகரப்பு. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் ஆண்குரல் இழுத்து இழுத்துச் சொல்கிறது: "நீ... இன்னும்... தூங்கவில்லை. எனக்குத்... தெரியும்."

குரல் முடிவதற்கு முன்பே தம்பியின் உதடுகள் அதைச் சொல்லி முடித்துவிட்டன. அக்கா சிரிக்கவில்லை. திருகாணிகளை மேசையிலேயே விட்டுவிட்டு மார்பை மூடுகிறாள். ரோபோவை நிமிர்த்தி, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறாள்.