கனமான பெட்டி

தமயந்தி வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்து ஒரு கணினி உருவாக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டிகளில் மலிவானவற்றைக் கடையில் தூக்கித் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் தரமாக இருக்கும் என்று கனமான ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். கடல் வரும் விளையாட்டு ஒன்றைத் திறந்தாள்.

உள்ளே படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு கண் விழித்தது. "அண்ணே, திரையில கடல் வரையப் போறேன். நிறைய கரண்ட் வேணும்."

பெட்டி மெல்ல முனகியது. "தம்பி, என் வயித்துல பாதி வெறும் இரும்புத் துண்டு. கையில கனக்கட்டும்னு வச்சு மூடிட்டாங்க. நீ கடலைக் கேட்டா நான் கருகிடுவேன்."

கார்டு யோசித்தது. பிறகு அலையே இல்லாத சின்னக் குளம் ஒன்றை வரைந்து, அதில் நிலாவை மிதக்கவிட்டது.

தமயந்தி தோழிக்குப் போன் போட்டாள். "கடல் ஏன்டி வரல? நல்லா கனமா பார்த்துத்தானே எடுத்தேன்!"