மாப்பிள்ளைக்கு வைத்த சொக்லேற்

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் தடயத்தை அழித்துவிட வேண்டும் என்று பாலேந்திரா அவசரப்பட்டார். சொக்லேற் பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பைப் பையின் அடியில் திணித்தார். தங்கத்தாள் சுற்றிய உருண்டைகளை வெள்ளித் தட்டில் அழகாக அடுக்கினார்.

“இஞ்சருங்கோ, ஒருத்தருக்குச் சொல்லாமல் இப்பிடிக் குடுக்கிறது இந்த நாட்டில பொலிஸ் கேஸ்,” என்றாள் மனைவி கமலாம்பிகை.

“நஞ்சே குடுக்கிறன்? உள்ளுக்க பிரண்டிதானே. நீ வாயைத் திறக்காமல் இரு.”

அவர் திட்டம் இதுதான். குடிக்கிற பெடியன் என்றால் பிரண்டி நாக்கில் பட்டதும் முகம் மலரும். கை தானாகவே இரண்டாவது சொக்லேற்றுக்குப் போகும். குடிக்காதவன் துப்பிவிடுவான்.

லண்டனில் மாப்பிள்ளை தேடும் எந்தத் தகப்பனும் தரகரிடம் முதலில் கேட்பது “பெடியன் குடிப்பானோ?” என்றுதான். எந்தத் தரகரும் சொல்லும் பதில் “சீச்சீ.” பாலேந்திராவின் அக்காவைக் கட்டியவரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மனிதர் குடித்தே வீட்டை விற்றார். அக்கா அழுதே பாதியாகிப் போனார். ஒரே மகள் லக்‌ஷிகாவுக்கும் அப்படி நடந்துவிடுமோ என்று பாலேந்திரா உண்மையாகவே பயந்தார்.

சட்டனிலிருந்து மாப்பிள்ளைப் பெடியன் சுஜீத் தாய் தகப்பனோடு பாலேந்திராவின் பிளேஸ்டோ வீட்டுக்கு வந்தான். வடை, பற்றீஸ், தேத்தண்ணி எல்லாம் முடிந்தன. லக்‌ஷிகாவும் அவனும் சோபாவில் இருந்து வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி ஆர்வமாகக் கதைத்தார்கள். பாலேந்திரா தட்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பெடியனின் வாயையே பார்த்தபடி நின்றார்.

“எடும் தம்பி, கூச்சப்படாதையும்.”

“வயித்தில இடமில்லை அங்கிள்.”

“ஒண்டுக்கு இடமில்லாமல் போகுமே?”

சுஜீத் ஒன்றை எடுத்துக் கடித்தான். உடனே கண் கலங்கியது, இருமல் பிடித்துக்கொண்டது. தாய் பதறிப்போய் டிஷ்யூவை நீட்ட, அதிலேயே துப்பினான்.

“சொரி அங்கிள். இது பழுதாப் போச்சுப் போல.”

“ஓம் தம்பி, பழுதுதான், பழுதுதான்,” என்று பாலேந்திரா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. அவர்களுடைய கார் தெருமுனையைத் திரும்பும் முன்பே, கலியாணத்துக்கு எந்த மண்டபம் எடுக்கலாம் என்று மனைவியிடம் கேட்டுவிட்டார். “எனக்கு ஓகே அப்பா,” என்று சொல்லிவிட்டு லக்‌ஷிகா மாடிக்குப் போனாள்.

மறுநாள் தரகர் பெனடிக்ற் ஃபோன் எடுத்தார். குரலில் சுரத்தே இல்லை.

“அண்ணை, அவையள் வேண்டாமாம்.”

“ஏனாம்? என்ன குறையாம்?”

“குடி எண்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆகவே ஆகாது. தாய் அந்த டிஷ்யூவை மணந்து பார்த்திருக்கிறா.”

பாலேந்திரா குரலைத் தாழ்த்தினார். “பொலிசுக்குப் போகினமோ? பிழை முழுக்க என்னிலதான், மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொல்லும்.”

“உங்களை ஆர் அண்ணை குறை சொன்னது? தங்கட பிள்ளை ஒண்டைக் கடிச்சே துப்பிப்போட்டானாம். உங்கட பிள்ளை தட்டில மிச்சம் இருந்த அவ்வளவையும் முகம் சுளிக்காமல் திண்டு முடிச்சிட்டாவாம்.”