நான்காவது ஊதல்

வீட்டில் பதினோரு வருடமாக வரக்காப்பி மட்டுமே குடிக்கும் கணவர், ஆபீஸில் கூட வேலை பார்க்கும் எமிலி பிளாஸ்கில் கொண்டுவரும் பால் காபியைத் தினமும் குடிக்கிறார் என்பது போன வாரம்தான் கோமளத்துக்குத் தெரிந்தது. பால் ஒத்துக்காது என்றதெல்லாம் நாடகம். அதைத் தோலுரிக்கத்தான் அவரைச் சோதனைக்கு இழுத்து வந்திருந்தாள். பால்சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு பால் செரிக்காவிட்டால் எண் ஏறிக் காட்டும் கருவியில் அவர் அரை மணிக்கொரு தரம் ஊதினார். எண் அசையவே கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். நான்காவது ஊதலில் அது எகிறியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "நெஜமாவே இவருக்குப் பால் சேராதும்மா. ஒரு டம்ளர் காபிக்கே வயிறு இப்படித்தான் முறுக்கும்," என்றாள் நர்ஸ். கோமளம் அவர் பக்கம் திரும்பினாள். "இந்த வலியோடவா தினமும் குடிச்சீங்க?"