வளராத கிருமி

"எலும்புத் துண்டுல கிருமி எதுவும் வளரலைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, பாய்" என்றார் டாக்டர் நிரஞ்சன்.

மெஹபூப் பாஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கால் புண்ணில் சீழ் எலும்பு வரை இறங்கிவிட்டது என்று பயமுறுத்திய அடையாறு ஆஸ்பத்திரி, இன்றுதான் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜைதூன் பீயைச் சீண்டினார்.

"கேட்டியா? உன் கஞ்சிக்கே கிருமி ஓடிப்போச்சு. இந்த வருசம் நோன்புக் கஞ்சியில வெந்தயத்த அள்ளிக் கொட்டிக்கினு கீறா டாக்டர். ஒரே கசப்பு."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை.

"இது நல்ல செய்தி இல்ல பாய். ஸ்கேன்ல எலும்பு அரிச்சுக்கிட்டே போகுது. எந்தக் கிருமின்னு தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மருந்தை ஏத்த முடியும். குத்துமதிப்பா குடுத்த மாத்திரை கேக்கல. இனிமே தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து. பாதத்தை எடுத்துடறதுதான் வழி."

பாஷா தன் வலது காலைப் பார்த்தார். தி. நகர் மேட்சிங் சென்டரில் நாள் முழுக்க நின்று ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்த கால். சர்க்கரை வியாதியில் அது மரத்துப்போய் வெகுநாளாகிறது. ஆணி குத்தியதே தெரியாமல் போனதால்தான் இத்தனை வினையும். இப்போது மனசும் மரத்துவிட்டது. அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை.

"உடம்புல மருந்து இருந்தா கிருமி டெஸ்ட்ல சிக்காது. அதனாலதான் எலும்பு எடுக்கறதுக்கு முன்னால ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினீங்கதானே?"

"ரமலான் மாசத்துல பொய் சொல்லுவேனா டாக்டர்? நிறுத்தக் கூடாதுன்னு இவ அழுதா. நான் கேக்கல. ஒரு மாத்திர கூட முழுங்கல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப வேற வழியில்ல. நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க. இதுல ஒரு கையெழுத்து."

பாஷா பேனாவை வாங்கினார். கால் யாருடையதோ என்பது போல இருந்தது அவருக்கு.

ஜைதூன் பீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவருக்குத் தெரியாது டாக்டர். மாத்திரைய நான் நிறுத்தவேயில்ல. கஞ்சியில கசந்தது வெந்தயம் மட்டுமில்ல."